ரூபினியின் மிச்சம்

ஜானகி உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஜோகுபாளையத்தில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். காலையில் கையில் ஒரு டம்ளர் டீயோடு வாசலில் நிற்பாள், அதைப் பார்க்கலாம். மற்றபடி, புருஷன் முனிகிருஷ்ணனும் மகள் ரூபினியும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படிக்குள் போவாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கும். அந்த இடைவெளிக்குள் அவளுடைய சாப்பாடு முடிந்திருக்கும்.

உடம்பு மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. "எங்கம்மா காத்தக் குடிச்சே ஊதுறா" என்பான் மகன் ரவி. அவனுக்குப் பொம்மனஹள்ளியில் துணி ஃபேக்டரியில் வேலை. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். "ஆமாண்டா, உங்கப்பன் எனக்கு வாங்கிப் போட்டது அதானே" என்று ஜானகி திருப்பிக் கொடுப்பாள். எல்லோரையும் விட அவள்தான் அதிகம் சிரிப்பாள்.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவள் நர்சரி ஆயா. ரூபினிக்கு மூன்று வயதானபோது சேர்ந்த வேலை. ஆயாவின் பிள்ளைக்கு அங்கே ஃபீஸ் கிடையாது. அதற்காகவே சேர்ந்தாள். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து, ஜட்டி மாற்றி, ஷூ நாடா கட்டிவிட்டே தன் பிள்ளையைப் படிக்கவைத்தாள். ரூபினி பி.காம். முடித்தாள். அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. 2002-இல் தொம்மலூரில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில், வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்குகளைச் சரிபார்க்கும் ஆபீஸில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஜானகி தெரு முழுக்க மைசூர்பாக் கொடுத்தாள்.

அந்த ஆபீஸில்தான் ரூபினி தன் உடம்பை முதன்முதலாகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். அதுவரை அது கூடவே வந்துகொண்டிருந்த ஒன்று, அவ்வளவுதான். மதியம் எல்லோரும் டப்பாவைத் திறப்பார்கள். டீம் லீடர் பார்கவியின் டப்பாவில் ஒரு சப்பாத்தியும் வெள்ளரிக்காய்த் துண்டுகளும் இருக்கும். ரூபினியின் டப்பாவில் அம்மா கரண்டியின் பின்பக்கத்தால் அமுக்கி அமுக்கி அடைத்த புளிச்சோறு. ஸ்பூன் உள்ளே இறங்காது. "ஏ ரூபினி, இது ஒரு ஆளுக்கா, ஒரு டீமுக்கா?" என்று பார்கவி விளையாட்டாகத்தான் கேட்டாள். ரூபினி அன்று பாதியிலேயே டப்பாவை மூடினாள். அந்தக் கேள்வியில் உடம்பைவிடத் தன் வீடு தெரிந்துவிட்டதைப் போல இருந்தது. அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டாள்.

சின்ன டப்பா வாங்கினாள். ஜானகி அதில் இன்னும் பலமாக அமுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் இணைப்பில் ஒரு கட்டுரை வந்தது. ஒரேயடியாகப் பட்டினி கிடக்காதீர்கள், பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், முதலில் தட்டில் ஒரு கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்திருங்கள், உடம்புக்கே தெரியாமல் குறைத்துக்கொண்டு போங்கள் என்று யாரோ ஒரு டாக்டர் எழுதியிருந்தார். ரூபினிக்கு இது பிடித்துப்போனது. அம்மாவிடம் "போதும்" என்று சொல்வதைவிட இது சுலபம். கரண்டியைக் கையில் எடுத்துவிட்டால் ஜானகிக்கு அந்தச் சொல் காதில் விழாது. மீறிச் சொன்னால் முகம் வாடிவிடும். "ஏன்டி, குழம்பு நல்லா இல்லியா? ஆபீஸ்ல எவளாச்சும் எதனா சொன்னாளா?" என்பாள்.

அதனால் ரூபினி ஒன்றும் சொல்லாமல் மிச்சம் வைத்தாள். முதலில் ஒரு கைப்பிடி, பிறகு கால் தட்டு, பிறகு அரைத் தட்டு. மதிய டப்பாவிலும் பாதி திரும்பி வந்தது. தட்டை அடுப்படியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவாள். திரும்பி வருகையில் தட்டு தேய்த்துக் கவிழ்த்திருக்கும். சோறு எங்கே போனது என்று ஒரு நாளும் அவள் யோசிக்கவில்லை. சுடிதார் தளர்ந்தது. "ஹேய், குறைஞ்சுட்டியே!" என்றாள் பார்கவி. ரூபினி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அந்த வருஷம் நவம்பரில் நர்சரியின் பொறுப்பாளர், ஆங்கிலோ-இந்தியரான மௌரீன் மிஸ், ஜானகியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். இருவரும் ஒன்றாக வேலை செய்து நரைத்தவர்கள்.

"லிசன் ஜானகி. ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்ப நர்சரி மேல மாடிக்குப் போவுது. நீ இப்பவே வராண்டா நடந்தா மூச்சு வாங்கற. கைல குழந்தைய வெச்சிட்டுப் படி ஏறணும், இறங்கணும். மேனேஜ்மென்ட்ல கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

"ஏறிடுவேன் மிஸ்."

"வாய்ல ஏறாதே மேன். டாக்டரைப் பாரு. வெயிட்டைக் குறை. ஜூன் வரைக்கும் டைம் இருக்கு. இல்லைன்னா வேற ஆளுதான்."

ஜானகி வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று பாத்திரம் தேய்க்கையில் அவள் வழக்கமாகப் பேசும் பேச்சு எதுவும் கேட்கவில்லை. "வூட்ல சும்மா குந்திகினு நான் இன்னா பண்ணுவேன்? பசங்க இல்லாம பைத்தியம் புடிச்சிடும்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

ரூபினி கூட்டிப்போன டாக்டர் கஸ்தூரிரங்கன் கிளினிக்கில் எடை மேடை எண்பத்து நான்கு காட்டியது. முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். "சொந்த முட்டிதான், நல்ல முட்டிதான். சுமைதான் ஜாஸ்தி. தினம் என்னம்மா சாப்பிடறீங்க?"

"காலைல டீ சார். மத்தியானம் ஒரு சின்ன டப்பா. ராத்திரி என்னா இருக்கோ அது."

டாக்டர் ரூபினியைப் பார்த்துப் புன்னகைத்தார். "எல்லாரும் இதேதான் சொல்றாங்க. பட்டினி போடாதீங்க. சோத்தைக் குறைங்க, காய் ஜாஸ்தி பண்ணுங்க, நடக்கட்டும். மாசம் ஒரு கிலோ இறங்கினாக்கூட எனக்குச் சந்தோஷம்."

திரும்பி வரும்போது ரூபினிக்கு ஒரே உற்சாகம். இது அவளுக்குத் தெரிந்த பாடம். "நான் குறைக்கலியாம்மா? மனசுல கன்ட்ரோல் வேணும், அவ்ளோதான்" என்றாள். ஜானகி அல்சூர் பஜாரில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஆமா கண்ணு, நீ படிச்ச பொண்ணு" என்றாள். அதில் கிண்டல் இல்லை. பின்னாளில் ரூபினி நினைத்து நினைத்து வருந்தியது அதற்குத்தான்.

ராத்திரி ஜானகிக்கு இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் கீரை என்று முடிவானது. ரூபினியின் கண்ணெதிரே அவள் அதைச் சாப்பிட்டாள். கல்யாணப் பெண்ணைப்போலக் கூச்சப்பட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். ஏரியைச் சுற்றி நடந்தாள். ஒரு மாதம் கழித்து எடை மேடை எண்பத்து நான்கரை காட்டியது. அடுத்த மாதம் எண்பத்தைந்து.

கிளினிக் படியிலேயே ரூபினி வெடித்தாள். "திருட்டுத்தனமா எதாச்சும் சாப்பிடறியாம்மா? டாக்டர் முன்னாடி எனக்கு எவ்ளோ அவமானமா இருக்கு தெரியுமா? உன் வேலைக்காகத்தானே நான் இவ்ளோ பாடுபடறேன்?"

ஜானகி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். ஆட்டோ பிடிக்கலாம் என்று ரூபினி கூப்பிட்டபோது, நடந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

பிப்ரவரியில் ரூபினிக்குக் காய்ச்சல் வந்தது. ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தாள். உடம்பு தேறிய அன்று மதியம் பார்த்தால், அம்மா முட்டிக்குக் கட்டும் பட்டையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். நர்சரி வராண்டாவில் குழந்தைகள் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜானகி.

ரக்ஷா என்ற ஒரு வாண்டு தன் டப்பாவை அவளிடம் நீட்டியது. உள்ளே இரண்டு இட்லி பாக்கி. "பேக பேக ஆயாம்மா! பெல் அடிச்சிடும். மம்மி பாத்தா அடிப்பாங்க" என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்தியது. ஜானகி இரண்டு இட்லியையும் இரண்டே வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவை ஆட்டிக் காட்டினாள். குழந்தை கை தட்டியது. அடுத்த டப்பா வந்தது: எலுமிச்சைச் சோறு. அதற்கடுத்து ஜாம் தடவிய பிரெட்டின் ஓரம்.

"ரூபி! நீ இன்னா இங்க?" ஜானகியின் வாய் நிறைந்திருந்தது.

ரூபினி அவள் கையைப் பிடித்துக் கைகழுவும் குழாய்ப் பக்கம் இழுத்துப் போனாள். "இதானா? இதைத்தான் டாக்டர்கிட்ட சொல்லாம மறைச்சியா?"

"நான் எங்கடி மறைச்சேன்? அவரு நான் சாப்பிடறத கேட்டாரு. இது பசங்க சாப்பாடு. அதுங்க மிச்சம் வெச்சா வூட்ல அடி. கொட்டலாம்னா சோறாச்சே. நாய்க்குப் போட எனக்கு மனசு வர்ல."

"அதுக்கு உன் வயிறு என்ன குப்பைத்தொட்டியா?"

ஜானகிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. மகளிடம் அவள் கோபப்பட்டது அபூர்வம். "அடிப் போடி! பெருசா கேக்க வந்துட்டா. இதுங்க குழந்தைங்க, வெக்கிதுங்க. கழுத மாதிரி வளந்தவ, நீ தெனம் அரைத் தட்டு வெச்சிட்டு எழுந்து போறியே, நான் ஒரு வார்த்த கேட்டனா? அது எங்க போவுதுன்னு நெனச்ச? டப்பால வேற பாதி திரும்பி வருது."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ரூபினி அதை மூட மறந்து நின்றாள். பெல் அடித்தது. ஜானகி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, கெந்திக் கெந்திக் குழந்தைகளிடம் போனாள்.

அன்று வீடு வரைக்கும் ரூபினிக்கு மனசில் வேறு எதுவும் ஓடவில்லை. தன் இடுப்பிலிருந்து இறங்கியது எல்லாம் அம்மாவின் முட்டியில் போய் உட்கார்ந்திருக்கிறது. கட்டுப்பாடு என்று மார்தட்டியது என்ன? அந்த வராண்டாவில் டப்பாவை நீட்டிய ரக்ஷாவுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? ரக்ஷாவாவது "சாப்பிடுங்க ஆயாம்மா" என்று வாய்விட்டுக் கேட்டது. இவள் அதுகூடக் கேட்கவில்லை. பிறகு அதே வாயால் திருட்டுத்தனம் என்று சொன்னாள்.

அடுத்த நாட்களில் அவள் செய்தது இன்னொரு முட்டாள்தனம். அம்மா போட்டதை எல்லாம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தண்டனைபோல விழுங்கினாள். ஜானகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "காச்ச போனதுல பசி எடுத்துக்கிச்சி" என்று இன்னொரு கரண்டி சேர்த்துப் போட்டாள். ஒரு நாள் ராத்திரி ரூபினிக்கு வாந்தி வந்தது. முதுகைத் தடவிவிட்ட அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, "உப்பு ஜாஸ்தி" என்று சொல்லிவைத்தாள்.

மறுநாள் காலையில்தான் அரிசி டின் பக்கம் போனாள். பித்தளை ஆழாக்கால் ஜானகி அளந்துகொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"யாருக்கும்மா இவ்ளோ?"

"எப்பவும் போடறதுதான்."

"ரவி ரூம் எடுத்துப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அப்பாவுக்கு ராத்திரி டூட்டி, ஒரு வேளைதான் வீட்ல சாப்பிடறாரு."

ஜானகி ஆழாக்கைப் பார்த்தாள். "கை பாட்டுக்கு அளக்குதுடி. திடீர்னு எவனாச்சும் வந்தா?"

"வந்தா உப்புமா கிண்டலாம். ரெண்டு போதும்."

"ரெண்டா? சட்டி அடிதான் தெரியும்."

"தெரியட்டும்மா."

அன்றிலிருந்து அரிசி அளப்பது ரூபினியின் வேலையானது. கூடக் கொஞ்சம் பீன்ஸ், கோஸ், கீரை. மதியத்துக்கு அவளே டப்பா கட்டினாள். ராத்திரிச் சாப்பாட்டை முனிகிருஷ்ணன் டூட்டிக்குக் கிளம்பும் முன்னால் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து முடிப்பது என்று ஏற்பாடு. அதில்தான் ஒரு சங்கடம் வந்தது. அந்த வீட்டில் எவர்சில்வர் தட்டுகளின் விளிம்பில் பேர் வெட்டியிருக்கும். அவரவர் தட்டு அவரவருக்கு. ஜானகியின் தட்டு எங்கே என்று தேடினாள் ரூபினி. அலமாரியில் இல்லை. கடைசியில் சோற்றுப் பானையின் மேல் இருந்தது. மூடி தொலைந்துபோன வருஷத்திலிருந்து அதுதான் மூடி. விளிம்பில் ஜானகி என்ற எழுத்து ஆவியில் கறுத்திருந்தது. தினமும் கண்ணில் படுகிற மூடி அது. எத்தனையோ தடவை அவளே அதைத் திறந்து சோறு பார்த்திருக்கிறாள்.

தேய்த்துக் கழுவி அம்மாவின் முன்னால் வைத்தாள். "அய்ய, மூடிக்கு என்னாடி பண்றது?" என்றாள் ஜானகி.

முனிகிருஷ்ணன் தலை நிமிராமல், "கல்யாணத்துக்கு எங்கக்கா வாங்கினது அது" என்று மட்டும் சொன்னார்.

பள்ளிக்கூடத்து டப்பாக்கள் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. "பசங்க அம்மாங்ககிட்ட நேரா சொல்லிடும்மா, பாதி வைங்கன்னு" என்று யோசனை சொன்னது ரூபினிதான். ஜானகி கேட்டருகே ரக்ஷாவின் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா மௌரீன் மிஸ்ஸிடம் போய், ஆயா குழந்தை சாப்பாட்டின் மேல் கண் வைக்கிறாள் என்று புகார் செய்தாள். ஜானகியை அறைக்குள் கூப்பிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்ட ரூபினிக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு எண்ணும் தெரியவில்லை. அம்மாவின் வேலையைக் காப்பாற்றப் போய் ஜூன் வரைக்கும்கூட இல்லாமல் செய்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் ஜானகி சொன்னாள்: "ஒளிக்கல. நான்தான் துன்னேன் மிஸ், வேலய விட்டு எடுத்தாலும் எடுங்கன்னுட்டேன்."

"அவங்க?"

"கதவ சாத்தினாங்க. அப்பறம், 'எனக்குத் தெரியும் மேன்'னாங்க. 'எங்க நர்சரில பசங்க டப்பாவ காலி பண்றாங்கன்னு வெளிய பேரு. அத கேட்டே அட்மிஷனுக்கு வர்றாங்க. நானும் பாத்துட்டுச் சும்மா இருந்தேன்'னு அவங்களே சொல்லிட்டாங்க. வயசானவங்க, கண்ணு கலங்கிப் போச்சு."

மறு வாரம் எல்லா வீட்டுக்கும் மௌரீன் மிஸ் ஒரு சர்க்குலர் அனுப்பினாள். குழந்தையின் உள்ளங்கை அளவு மட்டும் சாப்பாடு வையுங்கள், மிச்சம் வந்தால் திட்டாதீர்கள் என்று. சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. மிச்சத்தோடு டப்பாவை மூடி, குழந்தையின் பைக்குள் ஜானகி வைக்கக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் மூடும்போது அழுகை வந்தது என்றாள். ரக்ஷாவும் அழுததாம்.

மே கடைசியில் எடை மேடை எண்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. டாக்டர் கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்தார். "எப்படிம்மா?" என்றார். ஜானகி மகளைக் காட்டி, "இவ மனசு வெச்சா சார்" என்றாள். ரூபினி எடை மேடையின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூனில் பள்ளி திறந்த காலை மழை தூறிக்கொண்டிருந்தது. ரூபினி ஆபீஸுக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு கேட்டருகே நின்றாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தரையில் புரண்டு அழுதான். ஜானகி அவனை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். திருப்பத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது. மேலே மௌரீன் மிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜானகி பையனிடம் ஏதோ சொன்னாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். மிச்சப் படிகளையும் ஏறினாள்.

"போதும் போதும், எல்லாரும் உள்ளே வாங்க" என்றாள் மௌரீன் மிஸ். ஜானகிக்கு இன்னும் ஒரு வருஷம் வேலை உண்டு என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி மூவரும் உட்கார்ந்தார்கள். அம்மா ஜெயித்த நாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். கரண்டி நிறையச் சோற்றோடு அவள் கை ரூபினியின் தட்டுக்கு மேலே வந்தது. மிச்சம் வைத்துவிட்டுப் போகலாம், பழைய சுலபம். முழுதும் விழுங்கலாம், பழைய தண்டனை. ரூபினி தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தாள்.

"அரைக் கரண்டி போதும்மா."

கரண்டி அப்படியே நின்றது. "இன்னிக்குக்கூடவா?" ஜானகியின் முகம் வாடியது. ரூபினி இத்தனை நாளும் பார்க்கப் பயந்தது இந்த முகத்தைத்தான். இதைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அத்தனை சோற்றையும் அம்மாவின் மேல் ஏற்றினாள். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

"குழம்பு நல்லா இருக்கும்மா. வாசனையே சொல்லுது. அரைதான் வேணும்."

ஜானகி பாதியைப் பானையில் தட்டினாள், பாதியை மகளுக்குப் போட்டாள். பிறகு தன் தட்டைப் பார்த்தாள். அதிலும் அரைக் கரண்டி போட்டுக்கொண்டாள். பானைக்கு மூடி இல்லாததால் ஒரு முறத்தைக் கவிழ்த்து மூடினாள்.

"அம்மா, அன்னிக்கு கிளினிக்ல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள் ரூபினி.

"சாப்புடுடி, ஆறிடும்" என்றாள் ஜானகி.